லேபுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமையும் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி ஆய்வகப் பாதுகாப்பு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி போடச் சொன்னது, திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்றது, ஆசிட்டைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்றது எல்லாமே சரி. ஆனால் தில்லியில் பல வருஷமாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் என்பதால் சொல்கிறேன், கட்டுரை எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. லேபை ஒட்டிய ஸ்டோர் ரூம். பிள்ளைகள் மேசையில் தொடுவது பெரும்பாலும் நீர்த்த கரைசல், அதுவும் சில மில்லிலிட்டர். 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் லிட்டர் கணக்கில் நிற்பது அந்தச் சின்ன அறையில்தான்.

அங்கே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆசிட் எல்லாம் ஓர் அலமாரி, மற்றதெல்லாம் இன்னொன்று. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நைட்ரிக் ஆசிட் பக்கத்தில் கிளேஷியல் அசிட்டிக் ஆசிட், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் ஆசிட், நிற்கலாமா? முதலாவது எரிவதைத் தூண்டும் வலுவான ஆக்சிஜனேற்றி, இரண்டாவது தீப்பிடிக்கும் கரிமப் பொருள், இரண்டு பாட்டிலும் உடைந்து கலந்தால் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் கிளிசரின் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகத் தீப்பற்றும் என்று வகுப்பில் செய்து காட்டுகிறோம், அப்புறம் அதே இரண்டையும் மேல் தட்டு கீழ்த் தட்டாக வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். பாட்டில்கள் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் தூசி என்று விட்டுவிடாதீர்கள், அமோனியாவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் மூடி வழியாகக் கசிந்து காற்றில் சந்தித்து அமோனியம் குளோரைடாகப் படிந்திருக்கலாம். அந்தப் புகைதான் லேபிளையும் அரிக்கிறது. லேபிள் மேல் மெழுகு தடவி வைப்பது பழைய பழக்கம், இப்போது அதைச் செய்கிறவர்கள் குறைவு. பெயர் அழிந்த பாட்டிலில் இருப்பது உப்பா விஷமா என்று யாருக்குத் தெரியும்?

இதோடு தில்லி வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே நடுவில் பூட்டிய அறை ஜூலையில்தான் திறக்கும். வெளியே 45 டிகிரி என்றால் ஜன்னல் மூடிய அந்த அறை எப்படிக் கொதிக்கும்! எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானான ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடர் அமோனியா பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் ஏறியிருக்கும். அதனால் விடுமுறைக்குப் பிறகு முதல் நாள் ஜன்னல், கதவெல்லாம் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, அறை காற்றாடிய பிறகுதான் உள்ளே போக வேண்டும், அமோனியா பாட்டிலை ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும். பழைய ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம் கட்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது, அது வெடிக்கக்கூடிய பெராக்சைடாக இருக்கலாம்.

குளிர்காலத்தில் வேறு சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் பரீட்சை ஜனவரியில் வருகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, சால்ட் அனாலிசிஸில், அதாவது கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனையில், சில உப்புகளோடு அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் சேர்த்துச் சூடாக்கினால் வரும் பழுப்புப் புகை எங்கே போகும்? பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான். அக்ரிலிக் ஸ்வெட்டரும் மஃப்ளரும் தொங்கத் தொங்க பர்னர் முன்னால் நிற்கிறார்கள், அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். லேப் கோட்டுக்குப் பொத்தான் போட்டு, மஃப்ளரை வெளியே கழற்றி வைக்கச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்னொரு கவலை, நாங்கள் பையா என்று கூப்பிடும் லேப் அட்டெண்டன்ட்கள். வகுப்புக்கு முன்னால் அடர் ஆசிட்டை எடுத்து நீர்க்கச் செய்கிறவர் பெரும்பாலும் அவர்தான். பிள்ளைகளுக்கு வாங்கிய கண்ணாடியில் ஒன்று அவர் முகத்துக்கு வந்து நான் பார்த்தது அபூர்வம். ஸ்டோரிலும் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும், ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் இமையை விரித்து ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவருக்கு இந்தியில் சொல்லித்தர வேண்டும்.

சரி, பழைய பாட்டிலை ஏன் வெளியேற்றுவதில்லை? ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பதைக் கழிக்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சில கிராம் போதும் என்கிற பொட்டாசியம் டைக்ரோமேட் என்கிற விஷ உப்பை 500 கிராம் பாட்டிலாக வாங்கி, அது பத்துப் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒருநாள் சிங்க்கில் கொட்டுவார்கள், அல்லது பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா மூட்டையில் போகும். 2010 ஏப்ரலில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது தில்லிக்காரர்களுக்கு மறந்திருக்காது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் போய், உள்ளே கதிர்வீசும் கோபால்ட் 60 இருப்பது தெரியாமல் அதைப் பிரித்ததில் தொழிலாளி ஒருவர் இறந்தார், இன்னும் சிலர் பாதிக்கப்பட்டார்கள். பள்ளியில் கோபால்ட் 60 கிடையாதுதான். ஆனால் சிபிஎஸ்இ சால்ட் அனாலிசிஸ் பட்டியலில் விஷமான ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கின்றன, என்ன பொருள் என்று தெரியாமல் கைமாறிப் போகிற வழி அதேதான்.

கல்வித் துறை வருஷத்துக்கு ஒரு முறை எல்லாப் பள்ளிகளிலிருந்தும் பழைய ரசாயனத்தைச் சேகரித்து, அபாயக் கழிவைக் கையாளத் தகுதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஸ்டாக்கைக் கழிக்கும் பொறுப்பைப் பள்ளி முதல்வர் ஒருவர் தலையில் மட்டும் போடாதீர்கள், பயந்து யாரும் செய்ய மாட்டார்கள். 25, 100 கிராம் பாக்கெட்டாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், கூடட்டும். பெற்றோர் மீட்டிங்கில் மார்க் பற்றிக் கேட்கிறவர்கள் ஸ்டோரை ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் நிருபரை அனுப்பி நாலைந்து லேப் அட்டெண்டன்ட்களிடம் பேசி எழுதச் சொல்லுங்கள், எந்தப் பாட்டில் எத்தனை வருஷமாக எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வேதியியல் ஆசிரியை,
மயூர் விஹார், தில்லி