ஆரூரிலிருந்து பாப்பாவுக்கு

சிவமயம்

சௌ. பாப்பாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

அம்மா அனுப்பிய பார்சல் வந்ததா? பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நாரத்தங்காய் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறாள். நாரத்தங்காய் நம் கொல்லை மரத்துக் காய்தான். எள்ளுப்பொடியை டப்பாவோடு மறந்துவிடாதே, இரும்புச்சத்து என்று அம்மா எங்கோ படித்துவிட்டு எனக்கும் தினமும் போடுகிறாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. காலையில் வெறும் காபியோடு ஆபீசுக்கு ஓடாதே.

இங்கே மழை விட்டபாடில்லை. குளம் ஐந்து வேலியும் தளும்பி நிற்கிறது. கூடத்தில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. கார்த்திகை போகட்டும் என்கிறார் கொத்தனார். சித்தப்பா வீட்டில் சின்னவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், அதை அப்புறம் சொல்கிறேன்.

போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய், நான் "சரிம்மா" என்கிறேன். அதோடு முடிந்துபோகிறது. அம்மாவிடம் அதுவும் இல்லை. அவள் கூப்பிட்டால் மீட்டிங் என்று மெசேஜ் வருகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன மீட்டிங்? அவள் ஒன்றும் சொல்வதில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லைதான். ஆனாலும் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

கோபித்துக்கொள்ள எழுத உட்காரவில்லை. எனக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, டாக்டரிடம் பேசுவது, பணம் கட்டுவது, அம்மாவைச் சாப்பிட வைப்பது எல்லாம் நீ ஒருத்திதான் பார்த்தாய். அப்போது நீ கல்லூரிகூட முடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அப்போதும் நீ யாரிடமும் அழவில்லை. அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

மாப்பிள்ளை பேசும்போது பரணைப் பற்றி ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே, உடனே பேச்சை மாற்றப் பார்த்தார் பாவம். பூஜை அலமாரியில் இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் போய்விட்டது என்று நானாகப் புரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை இறக்கு என்று சொல்லவும் இதை எழுதவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது சுந்தரர் சமாச்சாரம். நீ இப்போது இருக்கும் ஊர்ப் பக்கம்தான் அவர் கண்ணில்லாமல் நடந்தார். அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில் எவ்வளவு தூரம்? உனக்குக் கதை தெரியும், பள்ளிக்கூடத்திலேயே தேவாரப் போட்டியில் பரிசு வாங்கியவள். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. திருவொற்றியூரில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, சங்கிலியாரைக் கட்டிக்கொள்கிறார். தென்றல் வீசுகிறது, நம்மூர் வசந்த விழா நினைவு வருகிறது, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. பக்கத்தில் திருமுல்லைவாயிலுக்குப் போய், படும் துயரைக் களைய மாட்டாயா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். பதில் இல்லை. அங்கிருந்து வெண்பாக்கம் போகிறார். கோயிலில் இருக்கிறீரா என்று வாசலில் நின்று கேட்கிறார். "உளோம் போகீர்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இருக்கிறோம், நீ போ. அவ்வளவுதான். கண் கிடைக்கவில்லை, ஊன்றிக்கொள்ள ஒரு கோல் கிடைத்தது. அந்தக் கோலைத் தூக்கி எறிந்தார், அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்பார்கள். அந்தப் பழைய கோயில் பூண்டி ஏரி கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. சாமியைப் பூண்டிக்குக் கொண்டுவந்து கோயில் கட்டியிருக்கிறார்கள். ஊன்றீஸ்வரர் என்று பெயர். திருவள்ளூரிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

கோலை எறிந்தவருக்குச் சாமி தண்டனை எதுவும் கொடுக்கவில்லை பார். எறிந்தவரும் திரும்பிப் போய்விடவில்லை. திட்டிக்கொண்டே அடுத்த ஊருக்கு நடக்கிறார். காஞ்சிபுரத்தில் இடக்கண் வருகிறது. அப்புறம் நம்மூர் வருகிறார். முதலில் தூவாய்நாதர் கோயிலில், தொண்டு செய்கிறவர்கள் படும் துக்கத்தைக் காக்க மாட்டாயா என்று சண்டையை ஆரம்பிக்கிறார். அதற்குப் பிறகு பெரிய கோயிலுக்குள் போய் நின்று பாடியதைத்தான் நீ நவராத்திரிக்கு நவராத்திரி பாடிவிட்டு, "என்னப்பா சாமியை இப்படித் திட்டுறார்" என்று சிரிப்பாய்.

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே

மூளாத் தீப்போல் உள்ளே கனன்று. இந்த வரி வரும்போதெல்லாம் உன் முகம்தான் எனக்கு வருகிறது. ஆவணியில் உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது ஆட்டோவிலிருந்து இறங்கினாயே, அந்த முகம். இதற்குமேல் அதை எழுத வரவில்லை.

அடுத்த பாட்டில் இன்னும் போகிறார். குற்றம் ஒன்றும் செய்ததில்லை, குருடாக்கிவிட்டீர், எதற்காக என் கண்ணை எடுத்தீர், "நீரே பழிப்பட்டீர்" என்கிறார். சத்தியத்தை மீறியவர் அவர்தான்! சங்கிலியார் பக்கம் நியாயம் இல்லையா என்று யாராவது கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரே சாமி முன்னால் நின்று பழி உம்முடையது என்று கேட்கிறார். நீ ஒன்றும் செய்யவில்லை, பாப்பா. எட்டாம் மாதம் வரைக்கும் வேலைக்குப் போனதால் இல்லை. ஸ்கூட்டரால் இல்லை. கிரகணத்தன்று வெளியே போனதாகப் பெரியத்தை எதையோ சொன்னாளே, அதெல்லாம் இல்லவே இல்லை. டாக்டரம்மா என்னையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார், நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ நடந்தது இல்லை என்று. உன்னிடமும் சொன்னார். நீ கேட்டுக்கொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத்தில் எழுதிவைக்கிறேன், வேண்டும்போது எடுத்துப் படி. பழியை நீ சுமக்காதே. சுமத்த வேண்டும் என்றால் சாமி தலையில் சுமத்து. அவர் தாங்குவார், ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதே பாட்டை அவர் சன்னிதியிலேயே நின்று பாடுகிறோம், கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் மறந்துவிடு. கர்மவினை என்றார்கள், சோதனை என்றார்கள், சாமி ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் திறப்பார் என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு காபி கொடுத்தேன், வேறென்ன செய்வது? திருமுறை படித்த குடும்பத்துக்காரர்களே இப்படிப் பேசுவதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பர் சூலை நோயில் திருவதிகையில் விழுந்து, குடலை முறுக்குகிறது, என்னால் ஆற்ற முடியவில்லை என்று கதறியதுதான் அவருடைய முதல் பதிகம். வினைப் பயன், அதனால் பொறுத்துக்கொள்கிறேன் என்று அவர் சும்மா இருக்கவில்லை. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்பது பாட்டிலும் என்னை விட்டுவிடாதே என்று கெஞ்சுகிறார், முடிவை நெருங்கும்போது, விட்டால் ஊரெல்லாம் உன்னைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று மிரட்டவும் செய்கிறார். இவர்களையெல்லாம் சன்னிதியில் நிற்க வைத்துக் கும்பிடுகிறோம். நம் வீட்டுப் பெண் கண்ணைத் துடைக்காமல் நின்றால் மட்டும் "அழாதே, சாமிக்கு ஆகாது" என்கிறோம்.

எனக்குப் பயம் நீ கோபப்படுவதில் இல்லை. கோபப்படாமல் இருப்பதில்தான். சண்டை போடுகிறவர்கள் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள். உன் பாட்டியும் தாத்தாவும் போடாத சண்டையா? நீ சாமியையும் திட்டவில்லை, எங்களையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்வருகிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்தேர் இருக்கும் பக்கம் ஆவணிக்கு அப்புறம் நான் போவதில்லை. மேலக் கோபுரம் வழியாகவே உள்ளே போய் அப்படியே திரும்பி வருகிறேன். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுவேனே, தேர், பக்கத்தில் பசு, கன்று. பையன் எங்கே, பையன் எங்கே என்று கேட்பாய். அந்தப் பசு என்ன செய்தது? கொம்பால் மணியை அடித்தது. ராஜா வீட்டு வாசலில் போய் நின்று, அவன் எழுந்து வெளியே வரும் வரைக்கும் அடித்தது. இன்னொரு கன்று பிறக்கும், எழுந்து போ என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. கடைசியில் வீதிவிடங்கப் பெருமான் வந்தார், கன்றும் எழுந்தது, ராஜகுமாரனும் எழுந்தான் என்று பெரிய புராணத்தில் இருக்கிறது. நம் வீட்டில் எழவில்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஓதுவாரைக் கேட்டேன், அவரும் தெரியாது என்றார். அதனால் அவர் மேல் மரியாதை கூடியது.

அப்படியானால் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறாய் என்பாய். சாயரட்சைக்குத் தினமும் போகிறேன். ஒன்றும் வேண்டிக்கொள்வதில்லை. இந்த ஒரு பதிகத்தை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். திட்டுவதற்காவது அங்கே ஒருத்தர் இருக்கிறார் என்பது எனக்குப் போதுமாக இருக்கிறது. உனக்குப் போதாமல் இருக்கலாம். உன் துக்கம் வேறு, என் துக்கம் வேறு. நான் தாத்தா ஆகாமல் போனவன், நீ எட்டு மாதம் சுமந்தவள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

அதனால் கோயிலுக்குப் போ என்று சொல்லவில்லை. தோன்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு பூண்டிக்குப் போய்வா. ஏரியைப் பார்க்கப் போகிறேன் என்று போ. அர்ச்சனை வேண்டாம், விபூதி வாங்க வேண்டாம். நந்தி பக்கம் நின்று என்ன கேட்க வேண்டுமோ கேள். பாட வந்தால் பாடு. நீ பாடிக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. உன் குரலில் "வாழ்ந்து போதீரே" வரும்போது ஓதுவாரே நிமிர்ந்து பார்ப்பார். சரி, இப்போது பாடச் சொல்வது தப்பு. பாட வேண்டாம். சும்மா போய்வா. போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் மாப்பிள்ளையிடமாவது பேசு. அந்த மனுஷனும் உள்ளே வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறார். போனில் குரல் கம்முகிறது அவருக்கு.

காலையில் ஏதாவது சாப்பிடு. இரண்டு இட்லி போதும், எள்ளுப்பொடி போட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே, கேன்சல் செய்தால் பணம் போய்விடும். அம்மா உன் பக்கத்தில் படுத்துக்கொள்வாள், நான் ஹாலில் இருந்துகொள்வேன், எதையும் கேட்கமாட்டேன். தாம்பரத்தில் இறங்கி, எலக்ட்ரிக் ரயிலில் பார்க்கில் மாறி வந்துவிடுவோம். மாப்பிள்ளை எழுந்து வர வேண்டாம். நீ சனிக்கிழமையும் ஆபீஸ் போவதாக இருந்தால் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
அப்பா