மழை எச்சரிக்கையில் நிறம் போதாது, சதவீதமும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் 'ரெட் அலர்ட்' முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. சொன்ன நாளில் மழை வராவிட்டால் மறுநாள் 'போக்குக் காட்டிய மழை' என்று இன்னொரு தலைப்பு. அந்த மழைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருந்தது என்பது மட்டும் இரண்டு நாளும் அச்சில் வருவதில்லை. அந்த எண் இல்லாததால் மக்களின் முடிவுகள் எங்கே தடுமாறுகின்றன, இருந்தால் என்ன மாறும் என்பதை வானிலையியலும் மனித நடத்தை பற்றிய ஆய்வுகளும் ஓரளவு தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. வரும் பருவத்திலாவது அதை வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 16ஆம் தேதி எதிர்பார்த்த அதி கனமழை நகரத்தில் பெய்யவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்துவிட்டது. பாலத்தில் நிறுத்தியவர்களை வைத்து மீம்ஸ் பறந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் கிண்டலுக்கு இடமே இல்லை. காரைப் பாலத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பி, மழை விட்டபின் போய் எடுத்துவர 500 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சரிசெய்ய ஒரு லட்சம் ரூபாய் என்போம். எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அது பெரும்பாலும் கைக்காசுதான். 500-ஐ 1,00,000-ஆல் வகுத்தால் அரை சதவீதம். தெருவில் வெள்ளம் நிற்க அரை சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தாலே பாலத்துக்குப் போவதுதான் லாபம். மழை பெய்யாமல் போனதால் அந்த முடிவு தவறாகிவிடாது.

வானிலையியலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவை, அதைச் செய்யாவிட்டால் வரும் நட்டத்தால் வகுக்க வேண்டும். வாய்ப்பு அந்த விகிதத்தைத் தாண்டினால் செயல்பட வேண்டும். தாண்டாவிட்டால் சும்மா இருக்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து வைத்திருக்கும் விவசாயிக்கு, தார்பாய் வாடகையும் ஆள்கூலியும் சேர்த்து 3,000 ரூபாய், நனைந்தால் நட்டம் 30,000 என்றால் அவருடைய எல்லை 10 சதவீதம். (ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே கொள்முதலில் சிக்கல், முளைவிட்டால் கேட்கவே வேண்டாம்.) அதே ஊரில் திறந்தவெளியில் வரவேற்பு வைத்திருப்பவர் மண்டபத்துக்கு மாற்ற 60,000 செலவு, மாற்றாமல் மழையில் மாட்டினால் 1,20,000 நட்டம் என்றால் அவருடைய எல்லை 50 சதவீதம். மழைக்கு 30 சதவீத வாய்ப்புள்ள நாளில் விவசாயி மூட வேண்டும், கல்யாண வீட்டார் பந்தலைத் தொட வேண்டியதில்லை. எச்சரிக்கை நிறம் இருவருக்கும் ஒரே கட்டளையைத்தான் தருகிறது.

நிறத்துக்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. நிகழ்வதற்கான வாய்ப்பு, நிகழ்ந்தால் வரும் பாதிப்பு ஆகிய இரண்டையும் ஒரே அட்டவணையில் பொருத்தித்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறத்தைத் தேர்வு செய்கிறது. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். வாய்ப்புக் குறைவான பெருமழைக்கும் மஞ்சள் வரலாம், வாய்ப்பு அதிகமுள்ள நடுத்தர மழைக்கும் மஞ்சள் வரலாம். தார்பாய்க் கணக்குப் போடுபவருக்கு இரண்டும் வேறு வேறு.

அறிக்கையில் வரும் 'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்' என்பவற்றுக்கும் அளவு உண்டு. மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள்; 26 முதல் 50 சதவீதம் ஒருசில; 51 முதல் 75 அநேக; அதற்கு மேல் பெரும்பாலான. ஆகவே 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்ற அறிவிப்பு முழுக்கச் சரியாக அமைந்த நாளிலும், முக்கால்வாசி ஊர்களில் மிக கனமழை பதிவாகியிருக்காது. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் 'பொய்த்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள். தலைப்பில் மாவட்டத்தின் பெயரை மட்டும் போட்டு 'ஓரிரு இடங்களில்' என்பதை விட்டுவிடும்போது அந்தப் பேச்சுக்கு நாமே வழிசெய்து கொடுக்கிறோம். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு 'மழை நாள்' என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இரவு முழுக்கக் கொட்டிய மழை மறுநாள் தேதியில் பதிவாவதால் எழும் வீண் குழப்பம் தீரும்.

எண் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். வளிமண்டலத்தின் தொடக்க நிலையில் இருக்கும் சிறு பிழைகூட சில நாட்களில் முன்னறிவிப்பையே புரட்டிவிடும் என்று அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். அதனால் முன்னணி மையங்கள் கணினி மாதிரியை ஒருமுறை மட்டும் ஓட்டுவதில்லை. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டுகின்றன. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் 51 முறை ஓட்டுகிறது. அவற்றில் 20 ஓட்டங்கள் ஓர் இடத்தில் 12 செ.மீ.க்கு மேல் காட்டினால் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். கடந்தகாலப் பதிவுகளோடு ஒப்பிட்டு அதைத் திருத்தியபின் வெளியிடலாம். அமெரிக்காவில் மழை வாய்ப்பைச் சதவீதமாகப் பொதுமக்களுக்குச் சொல்வது 1960களின் நடுவிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. நம் வானிலை ஆய்வுத் துறையும் தன் அறிக்கைகளில் வாய்ப்பைப் படிநிலைகளாகப் பிரித்துத்தான் எழுதுகிறது. செய்திக்கு வரும்போது எல்லாம் ஒரே 'வாய்ப்பு உள்ளது' ஆகிவிடுகிறது.

மக்களுக்குச் சதவீதம் புரியாது என்பது வழக்கமான மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் குழுவினரும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் 'நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு' என்றால் என்ன என்று கேட்டு, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நாளின் 30 சதவீத நேரம் பெய்யுமா, 30 சதவீதப் பரப்பில் பெய்யுமா, நாளையைப் போன்ற நாட்களில் 30 சதவீத நாட்களில் பெய்யுமா? கடைசியாகச் சொன்னதுதான் சரி. பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுத்தது நியூயார்க்கில் மட்டுமே. எண்ணைத் தனியாக விடாமல், எதில் அத்தனை பங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. 'இதுபோன்ற 10 நாட்களில் 4 நாட்களில் 12 செ.மீ.க்கு மேல் பெய்யும்' என்று எழுதினால் டீக்கடையில் தாள் படிப்பவருக்கும் விளங்கும்.

'புலி வருது' கதையாகிவிடும், நம்பிக்கை போய்விடும் என்ற அச்சத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஜோஸ்லினும் ஜேரட் லெக்ளெர்க்கும், உறைபனி வரலாம் என்ற நிலையில் சாலையில் உப்புத் தூவுவதா வேண்டாமா என்று பணம் வைத்து முடிவெடுக்கும் சோதனைகளை நடத்தினார்கள். தவறான எச்சரிக்கைகள் மிகுந்தால் நம்பிக்கை ஓரளவு குறைவது உண்மைதான். வாய்ப்பைச் சதவீதமாகச் சொன்னபோதோ, பங்கேற்றவர்கள் மேலான முடிவுகளை எடுத்தார்கள். முன்னறிவிப்பு தவறிய பிறகும் அவர்களிடம் நம்பிக்கை கூடுதலாகவே இருந்தது. ஆய்வுக்கூடச் சோதனைதான், வெள்ளம் சூழ்ந்த தெரு இல்லை. ஆனாலும் எண்ணைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கு ஆதரவான சான்று அதில் எதுவும் இல்லை.

தூத்துக்குடிக்கு வருவோம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. மாநிலம் முழு ஆண்டும் சராசரியாகப் பெறும் அளவை ஒட்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். முன்பே சொன்னார்களா, போதிய அளவு சொன்னார்களா என்று மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நடந்த சர்ச்சை நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையில் பலர் தொடாத இடம் ஒன்று உண்டு. நம் மழைப் பிரிவுகளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. அதற்கு மேல் எண் எல்லை வகுத்த பிரிவே இல்லை. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே பெயரில், ஒரே நிறத்தில்தான் போகும். ஒரு செ.மீ. மழை என்றால் சதுர கிலோமீட்டருக்கு ஒரு கோடி லிட்டர் தண்ணீர். இவ்விரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு சதுர கிலோமீட்டருக்கு 74 கோடி லிட்டர். '20 செ.மீ.க்கு மேல் 60 சதவீதம், 40 செ.மீ.க்கு மேல் 15 சதவீதம்' என்று படிப்படியாகச் சொல்ல வழியிருந்தால், ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அந்த 15 சதவீதமே கிளம்பப் போதுமான எண்.

பருவநிலை மாற்றம் இங்கேதான் நுழைகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. உலகம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. பெருமழைகளின் உச்சம் உயரும் என்பதில் அறிவியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைத்தான் சொல்ல முடியாது. மனிதர்களோ தாங்கள் பார்த்த பெரிய வெள்ளத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். '2015லயே எங்க தெருவுக்குத் தண்ணி வரல' என்பது சென்னையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. 2015 நடந்த விதம் வேறு. அடுத்த மழை வேறொரு மேகத்திலிருந்து, வேறொரு கால்வாய் அடைப்போடு வரும். பழைய வெள்ளத்தின் உயரம் கீழ் எல்லை மட்டுமே என்பதைச் செய்திகள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

எச்சரிக்கை காதில் விழுந்ததும் யாரும் எழுந்து ஓடுவதில்லை. முதலில் சன்னலைத் திறந்து பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், அடுத்த ஊர்ச் சொந்தக்காரருக்குப் போன் போடுவார்கள். பேரிடர் ஆய்வாளர்கள் உலகம் முழுக்கக் கண்ட பழக்கம் இது. இந்த உறுதிசெய்யும் நேரத்தைக் குறைக்க, அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டி போன்றோர் எச்சரிக்கையில் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும் என்றார்கள்: சொல்வது யார், ஆபத்து என்ன, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும். நம் தலைப்புகளில் பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. ஒடிசாவில் 1999 சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். 2019இல் ஃபானி புயல் வந்தபோது சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு, உயிரிழப்பு நூறைக்கூடத் தொடவில்லை. எந்தப் புகலிடத்துக்கு, எந்த வழியாக, எப்போதுக்குள் என்பதும் அங்கே எச்சரிக்கையோடு சேர்ந்து போனது.

ஆகவே தினமும் நான்கு வரிப் பெட்டி ஒன்று போதும். மாதிரிக்கு இப்படி: 'தூத்துக்குடி மாவட்டம், நாளை பிற்பகல் முதல் நாளை மறுநாள் காலை 8.30 வரை. 12 செ.மீ.க்கு மேல் மழை: இதுபோன்ற 10 நாட்களில் 4 நாட்களில் பெய்யும், ஓரிரு இடங்களில். தாமிரபரணிக் கரையோரத் தாழ்வான தெருக்களில் இருப்போர் இன்று மாலை 6 மணிக்குள் மருந்து, ஆவணங்கள், கால்நடைகளை மேட்டுக்கு மாற்றவும். தகவல்: சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம்.' மண்டல மையம் மாவட்டவாரியாக எண் தர முன்வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வலிமை நாளிதழ்களுக்கு உண்டு. நிலப்பரப்பை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து வானிலையைக் கணிக்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே மாதமே தொடங்கப்பட்டுவிட்டது.

கடைசியாக, கணக்குத் தீர்ப்பது. ஒரு நாள் மழையை வைத்து முன்னறிவிப்பைப் பாராட்டுவதும் திட்டுவதும் பயனற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். 40 சதவீதம் என்று சொன்ன நாட்கள் 20 இருந்தால், அவற்றில் 8 நாட்களுக்கு அருகே மழை வந்திருக்க வேண்டும். 3 நாள்தான் என்றால் மிகைப்படுத்துகிறார்கள், 15 நாள் என்றால் அடக்கி வாசிக்கிறார்கள். ஒரே எண்ணாக மதிப்பெண் வேண்டுமானால் அமெரிக்க வானிலையியலாளர் கிளென் பிரையர் 1950இல் தந்த முறை இருக்கிறது. மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0 என்று வைத்து, சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்த வேண்டும்: 70 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால் 0.3-இன் வர்க்கம் 0.09, பெய்யாவிட்டால் 0.7-இன் வர்க்கம் 0.49. எல்லா நாளுக்கும் சராசரி எடுக்க வேண்டும். சிறிய எண்தான் நல்லது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு 50 சதவீதம் என்று சொல்பவருக்கே 0.25 வரும், அதைவிட மோசமாக இருந்தால் தாராளமாகத் திட்டலாம்.

இதற்கு உங்கள் அலுவலகத்தில் துணையாசிரியர் ஒருவர் தினமும் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். முன்னறிவிப்பை வெளியான அன்று மாலையே எண்ணோடும் நேரத்தோடும் பதிந்துவைக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். நடந்து முடிந்ததை அறிந்தவர்கள், அது முன்பே தெரிந்ததுதான் என்று தாங்களும் நம்பிவிடுவதை உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் 1975இலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். மழைக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் எல்லாருடைய கணிப்பும் சரியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
வானிலைப் புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்,
திருநெல்வேலி