மாதேசுக்கு, மெட்டல் டிடெக்டர் மெஷின் விஷயமாக

ஊத்தங்கரை
2.3.2025

அன்புள்ள மாதேசு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சின்னவளுக்கு நாளை பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. டிவி போடக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. டிசம்பர் முதல் தேதி இங்கே கொட்டிய மழையை நீயும் பார்த்திருப்பாய். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வேன்களையெல்லாம் உருட்டிக்கொண்டு போனது. அதற்கப்புறம் இரண்டு மாதம் பட்டறையில் தலை நிமிரவில்லை. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் சேறு குடித்துவிட்டு வரிசையில் நின்றன. கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கட்டி விரல் நுனி மரத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அனுமன்தீர்த்தத்து ஆற்றில் தொலைந்த தங்கக் காசையும் குண்டையும் தேட வாங்கும் மெஷினுக்குப் பாதிப் பணம் நீ தருவதாகவும், ஆனால் அது தூத்துக்குடிக் கடற்கரையிலும் வேலை செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மல்லிகாவிடம் படித்துக் காட்டினேன். "இது மாதேசு அண்ணன் கையெழுத்துதானா, நல்லாப் பார்" என்றாள்.

எந்த மெஷின் என்பதில்தான் இரண்டு மாதமாக என் தூக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆடி முடிந்த கையோடு ஒருவரிடம் வாடகைக்கு வாங்கித் தேடினேன் இல்லையா, அந்தக் கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். வாட்டர்புரூஃப் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தண்ணீர் தாங்கியது அடியில் இருக்கிற காயில் மட்டும்தான். மேலே இருக்கிற பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமன்தீர்த்தத்துப் பாறையில் கால் வழுக்கி இடுப்பளவுப் பள்ளத்தில் இறங்கினேன், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து அப்படியே அணைந்துவிட்டது. ரிப்பேர் செலவும் என் தலையில். முழங்கால் தண்ணீரில் தேடுகிறவனுக்கும் பெட்டியோடு முழுதாக முங்கும் மெஷின்தான் வேண்டும். ஆற்றில் அடுத்த அடி முழங்காலா, இடுப்பா என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 குறியீடு போட்டு, எத்தனை மீட்டர் ஆழம் என்று எண்ணும் கொடுத்திருக்க வேண்டும்.

அது அணைவதற்கு முன்னால் இன்னொன்றும் தெரிந்தது. கால் வைத்த இடமெல்லாம் மெஷின் கத்தியது. முதலில் கோளாறு என்றே நினைத்தேன். மறுநாள் பட்டறையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு ஆற்று மணலில் இழுத்துப் பார்த்தேன். பை முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி இரும்புத் தூள்! தீர்த்தமலைப் பக்கம் இரும்புக் கல் இருப்பது உனக்கே தெரியும். மலையில் இருப்பதுதானே மழையில் கரைந்து ஆற்றுக்கு வரும். இந்த மண்ணின் சத்தத்தைக் கழித்துவிட்டு உலோகத்தை மட்டும் கேட்க, கிரவுண்ட் பேலன்ஸை நாமே திருத்தும் வசதி வேண்டும். காயிலும் டிடி வகையாக, அதாவது D வடிவச் சுற்று இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறியதாக, இருக்க வேண்டும். வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றும் பழைய வகை இந்த மாதிரி மண்ணில் திணறும்.

மெஷின் வேலை செய்யும் விதம் நமக்குப் புதிது இல்லை, மாதேசு. ஒரு காயில் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் எடி கரண்ட் என்கிற சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. மோட்டாரின் இரும்புக் கோர் சூடாகக் கூடாது என்று மெல்லிய தகடு ஸ்டாம்பிங்காக அடுக்கி நாம் ஒழிக்கப் பாடுபடுகிறோமே, அதே எடி கரண்ட். அதன் எதிரொலியை இன்னொரு காயில் வாங்கி, எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, இரும்பா வெள்ளியா என்று எண் காட்டுகிறது. ஐடிஐயில் அந்தப் பாடத்தன்று நீ கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை எழுத மாட்டேன், தங்கச்சியும் இதைப் படிக்கும்.

வெள்ளி ரூபாய், செப்புப் பாத்திரம் தேடுகிறவனுக்குக் குறைந்த அலைவரிசை போதும். நமக்கு வேண்டியது மெல்லிய சின்னத் தங்கம். அதற்கு 15 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் நல்லது. வாடகை மெஷின் உயிரோடு இருந்தபோது மல்லிகாவிடம் மிச்சமிருந்த ஒரு தங்கக் குண்டை நூலில் கட்டிச் சோதித்தேன். வெறும் காற்றில் நாலு விரல் தூரத்தில் பிடித்தது. ஆற்று மணல் நிரப்பிய வாளியில் புதைத்தால் இரண்டு விரல்தான். குண்டு உள்ளே பொள்ளல், ஒரு கிராம்கூட இருக்காது. காசு தட்டையான வட்டம், கரண்ட் சுழல இடம் இருக்கிறது. அதனால் காசு கிடைக்கும் என்று நம்புகிறேன். குண்டு சந்தேகம்தான்.

இன்னொரு தொல்லை, குவார்ட்டர் பாட்டில் மூடி. எல்லாம் அலுமினியம். மெஷினில் மெல்லிய தங்கம் காட்டுகிற எண்ணும் அலுமினியம் காட்டுகிற எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. மூடி வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்தால் தங்கமும் அதோடு போய்விடும். அனுமன்தீர்த்தத்துப் படித்துறையில் எத்தனை மூடி கிடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று விடாமல் எடுக்கத்தான் வேண்டும். மூன்று நாளில் ஒரு சிமெண்டுப் பை நிறைய எடுத்தேன். கோபம் கோபமாக வந்தது. சாமி தீர்த்தம் என்று ஆயிரக்கணக்கான பேர் வந்து முங்குகிற இடம்.

நீ கேட்ட, காந்தப் புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகையையும் பார்த்தேன். கறுப்பு மணலும் உப்புத் தண்ணீரும் அதைப் பெரிதாகப் பாதிக்காது, ஆழமும் போகும். ஆனால் ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்லாது. ஆள் நடமாட்டம் உள்ள படித்துறையில் அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஆணி பொறுக்கலாம். நமக்கு வேண்டாம்.

மிச்சம் மூன்று. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ், காரெட் ஏ.டி. புரோ 15 கிலோஹெர்ட்ஸ், மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 பல அலைவரிசை. மூன்றுமே பெட்டியோடு மூன்று மீட்டர்வரை முங்கும், மூன்றிலும் டிடி காயில். எனக்கு மட்டும் என்றால் ஏ.டி. புரோ எடுத்திருப்பேன். நல்ல தண்ணீர் ஆறு, மேட்டு நிலம், சின்னத் தங்கம், எல்லாவற்றுக்கும் போதும். நாலு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும், சார்ஜருக்கு அலைய வேண்டாம். ஆனால் உன் கடல் குறுக்கே நிற்கிறது. உப்புத் தண்ணீரே கரண்ட் கடத்தும் பொருள். ஒற்றை அலைவரிசை மெஷினுக்கு ஈர உப்பு மணல் முழுவதும் ஒரே உலோகத் தகடு மாதிரித் தெரியும், அலை வந்து போகும்போதெல்லாம் கத்தும். சத்தத்தை அடக்க சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் ஆழம் போச்சு. பல அலைவரிசையை ஒரே நேரத்தில் அனுப்புகிற மெஷின் அந்த உப்பின் எதிரொலியைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். அதே கணக்கு நம் கறுப்பு மணலுக்கும் உதவும், அதனால் உனக்காக மட்டும் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. இந்த 800 மாடலில் 20, 40 கிலோஹெர்ட்ஸ் தனியாகவும் உண்டு. ஆகவே ஈக்வினாக்ஸ் 800. விலைதான் மூன்றிலும் அதிகம். பழையது கிடைத்தால் பழையதே வாங்கு, ஆனால் வாளித் தண்ணீரில் பெட்டியோடு பத்து நிமிஷம் முக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

ஹெட்போன் விஷயம் கவனம். பெட்டி தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை ப்ளூடூத் கேட்கும். பெட்டி முங்கினால் ரேடியோ அலை வெளியே வராது. ஒயர் வைத்த, தண்ணீர் புகாத ஹெட்போன் தனியாக வேண்டும். கையில் பிடித்து இடத்தைக் குறிக்கிற சின்னக் கருவியும் தண்ணீர் தாங்குவதாக இருக்கட்டும். மணல் அள்ளும் சல்லடைக் கரண்டியை நானே எவர்சில்வரில் வெல்டிங் செய்துவிட்டேன். கடையில் விற்பதில் ஓட்டை பெரிது, குண்டு கீழே விழுந்துவிடும். நான் போட்ட ஓட்டை ஐந்து மில்லிமீட்டர்.

இதற்கு நடுவே ஒரு சங்கடம். ஊரில் நான் புதையல் எடுக்கிறேன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் கையில் ஆன்டெனா வைத்த கம்பி, நூறு அடி தள்ளியிருந்தே தங்கத்தைக் காட்டுமாம். காசு அளவுப் பொருளுக்கு நல்ல மெஷினே ஒரு சாண் ஆழம்தான் போகும், இதெல்லாம் ஏமாற்று என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மலைமேல் கல்திட்டை இருக்கிறது, நடுகல் இருக்கிறது, உன் மெஷின் வந்ததும் சேர்ந்து போகலாம், பங்கு தருகிறோம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல், மாதேசு. அதன் அடியில் இருப்பது எவனோ ஒருவனின் நினைவு. நம் மாவட்டத்துக் கல்லையெல்லாம் இப்படித்தான் புரட்டிப் போடுகிறார்கள். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 2172 என்று சொன்னார்கள் இல்லையா? அந்த இரும்பை எவனாவது இரவில் தோண்டிப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் போட்டிருந்தால் அந்தக் கணக்கு யாருக்குக் கிடைத்திருக்கும்? ஒரு பொருள் எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்கிறது. வெளியே போங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாளே விஏஓவிடமும் ஸ்டேஷனிலும் போய், இன்ன இடத்தில் இன்ன நகை தொலைந்தது, ஆற்றுக்குள் மட்டும்தான் தேடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீயும் தெரிந்துகொள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஜெயிலும் உண்டு. கடற்கரையில் யாராவது தொலைத்த மோதிரம் கிடைத்தாலும் தொலைத்தவரைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால்தான் கூட்டு.

வெள்ளத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்காதா என்று மல்லிகா கேட்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. மணலைப்போல ஆறு ஏழு மடங்கு கனம் தங்கத்துக்கு. மணல் ஓடும்போது தங்கம் கீழே இறங்கும், கெட்டித் தரையிலோ பாறை இடுக்கிலோ போய் உட்காரும். என் பயம் வேறு. டிசம்பர் வெள்ளம் படித்துறைமேல் எவ்வளவு மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறதோ! ஒரு சாணுக்கு மேல் என்றால் மேல் மணலை வாரி எடுத்துவிட்டுத்தான் தேட வேண்டும். போன வாரம் கம்பி குத்திப் பார்த்தேன். பெரிய பாறைக்குக் கீழ்ப்பக்கம் முக்கால் முழம் இருக்கிறது, மேல்பக்கம் கொஞ்சம்தான்.

இப்போது எழுதப்போவதை இத்தனை வருஷம் சொல்லவில்லை. அம்மா சொல்லக் கூடாது என்றாள், அதனால். அவளும் போய்விட்டாள், நீயும் பாதிப் பணம் என்று எழுதிவிட்டாய், இனி மறைக்க மனம் வரவில்லை. தொலைந்தது அம்மாவின் காசு மாலையில் கடைசியாக மிஞ்சிய காசு. மாலையில் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. பெரியக்கா கல்யாணத்துக்குப் பாதி, என் பட்டறை அட்வான்ஸுக்கு மூன்று. ஐடிஐயில் சேர்ந்த புதிதில் உன் டூல் பாக்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் தமிழ் வாத்தியார் பணம் கொடுத்தார் என்று நீ இன்றைக்கும் சொல்கிறாய். அவர் கையால் கொடுத்தார், அவ்வளவுதான். அதில் ஒரு காசு போனது. களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "அவனுக்குத் தெரிஞ்சா சாப்பிட வரமாட்டான்டா" என்று என்னிடம் சொன்னாள்.

கடன் தீர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை, தெரியும்தானே. தேடும்போது நீயும் ஆற்றில் நிற்க வேண்டும் என்று ஆசை. நான்கு முனையில் கழி நட்டுக் கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒரு வரிசை நீ, அடுத்த வரிசை நான் என்று மாறி மாறிப் போகலாம். தண்ணீரில் காயிலை வேகமாக வீச முடியாது, கை இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒருவனால் ஆகாது.

சித்திரை பிறந்ததும் தண்ணீர் குறையும். ஆற்றின் மேலே இருக்கிற கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறப்பு எப்படி என்று பார்த்துத் தேதி எழுதுகிறேன், அதற்குள் லீவு சொல்லி வை. மெஷினை நீயே கையோடு கொண்டு வா, பார்சலில் போடாதே. வழியில் கடல் தண்ணீரில் முக்கிப் பார்த்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுப் பெட்டியில் வை. மல்லிகா கீரை கடைந்து களி கிண்டுவதாகச் சொல்லிவிட்டாள். அவளிடம் டூல் பாக்ஸ் கதையைச் சொல்லவில்லை, நீ வந்து சொல்.

அன்புடன்,
கோவிந்தன்