நூற்றுப் பதினேழு மீட்டர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு நீ பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தபோது இங்கே மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அம்மா படுத்துவிட்டாள். எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நீ சொன்ன செய்தி தந்த மகிழ்ச்சி ஒரு பக்கம் இருக்க, அதை நீ சொல்லி முடித்த விதம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 128 கெஜம் தள்ளியிருந்த கோல்ஃப் குழிக்குள் ஒரே அடியில் பந்தைப் போட்டுவிட்டு, "அது வெறும் அதிர்ஷ்டம்தான் அப்பா, விழுந்ததைக்கூட நான் பார்க்கவில்லை" என்று ஒற்றை வரியில் அதை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கப் போய்விட்டாய். அந்த ஒரு வரியை ஏற்க எனக்கு மனம் இல்லை. பேச்சில் சொன்னால் நீ சிரித்துக் கடந்துவிடுவாய் என்பதால் எழுத்தில் சொல்கிறேன்.

இன்று விடியற்காலையில் நான் செய்த காரியத்தை முதலில் கேள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் என்பதை நீ விளையாடத் தொடங்கிய காலத்திலேயே விதிகளைத் தேடிப் படித்து வைத்திருந்தேன். அந்த அளவில் வெள்ளை அட்டையில் காம்பஸால் ஒரு வட்டம் வரைந்து வெட்டிக்கொண்டேன். ஆலை வேலைக் காலத்து 30 மீட்டர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். அந்த நேரத்தில் அங்கே வண்டிகள் வராது என்பது உனக்கும் தெரியும். காந்தி சிலைக்குச் சற்றுத் தெற்கே அட்டையைச் சாலையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் அதன்மேல் வைத்தேன். அங்கிருந்து மூன்று முழு நாடாவும் நான்காவதில் 27 மீட்டரும் அளந்துகொண்டு போனேன். 128 கெஜம் என்பது 117 மீட்டர். அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், கண்ணாடி போட்டும் எனக்கு அட்டை தெரியவில்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் வட்டம் அந்தத் தூரத்திலிருந்து ஒரு கோடாகக்கூடத் தெரிவதில்லை. குழியில் ஏன் கொடி நட்டு வைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டு, எதை அளக்கிறீர்கள் என்று கேட்டார். என் மகள் இந்தத் தூரத்தில் நின்று அதோ அந்தக் கல் இருக்கும் இடத்துக் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டாள் என்று சொன்னேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல் 117 மீட்டரும் நடந்து போய், குனிந்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, திரும்பி நின்று என் பக்கம் கையை உயர்த்தினார். அவர் உயர்த்திய கை உனக்குரியது. அதை உன்னிடம் சேர்ப்பிக்கத்தான் இந்தக் கடிதத்தை இன்றே எழுத உட்கார்ந்தேன்.

இனி அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுவோம். அது இல்லை என்று நான் சொல்லவில்லை. பொழுதுபோக்காக ஆடுபவருக்கு 12,500 முறைக்கு ஒரு முறை, தொழில்முறை ஆட்டக்காரருக்கு 2,500 முறைக்கு ஒரு முறை இப்படி நேரும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார். முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தான் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? குலுக்கல் சீட்டு வாங்குவதில் தேர்ந்தவன், தேராதவன் என்ற வேறுபாடு கிடையாது. இங்கே ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கிறது. அந்த ஐந்து மடங்கும் கையின் பழக்கத்தால் வந்தது. கொடியின் பக்கத்தில் பத்துப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் பதினோராவது பந்து உள்ளே போக இடம் கொடுக்கிறது.

1989-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி ஓக் ஹில் மைதானத்தில் நடந்தது. அதன் இரண்டாம் நாளில், ஆறாம் குழியில், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு பேர் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார்கள்: டக் வீவர், மார்க் வீபி, ஜெரி பேட், நிக் பிரைஸ். நால்வரும் அடித்தது உன்னைப் போலவே ஏழாம் எண் அயன் மட்டையால். அன்று கொடி நட்டிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. அதில் விழுந்த பந்து பின்சுழற்சியால் குழியை நோக்கித் திரும்பி வந்தது. தரை உதவியது உண்மைதான். அன்று அந்தக் குழியில் ஆடிய அத்தனை பேருக்கும் அதே தரைதான் இருந்தது. உள்ளே போனவை அந்த நான்கு பந்துகள் மட்டுமே. உன் பந்து இடப்புற மேட்டில் பட்டு இறங்கியிருக்கும் என்று உன் தோழி சொன்னதை, உன் அடியின் மதிப்பைக் குறைத்துக்கொள்ள நீ ஒரு காரணமாக எடுத்துக்கொண்டாய். கடற்காற்று வலப்புறம் தள்ளும் என்று கணித்து மேட்டின் பக்கம் குறி வைத்தது யார்? நேற்று நீயே எனக்குச் சொன்னதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

அடுத்தது, பார்க்கவில்லை என்ற உன் வருத்தம். குழி இருந்த புல்தரை, மேட்டுக்கு அப்பால் மறைந்திருந்ததால் பந்து எங்கே போனது என்று தெரியாமல், நீங்கள் மூவரும் பின்புறத்துப் புதரில் ஐந்து நிமிடம் தேடியதையும், கடைசியில் உன் தோழி குழிக்குள் எட்டிப் பார்த்ததையும் சொன்னபோது உன் குரல் சற்று இறங்கியது. கோல்ஃப் ஆட்டக்காரர் ஜீன் சாராசன் 1935-இல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் பதினைந்தாம் குழியில் அடித்த அடியை நினைத்துப் பார். முன்னணியில் இருந்த கிரெய்க் வுட்டைவிட அவர் மூன்று அடி கூடுதலாக அடித்துப் பின்தங்கியிருந்தார். 235 கெஜம் தூரத்திலிருந்து நான்காம் எண் மர மட்டையால் அடித்த இரண்டாவது அடியே குழிக்குள் போனது. ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழியை இரண்டில் முடித்ததால் மூன்று அடிப் பின்னடைவும் அந்த ஒரு நொடியில் தீர்ந்தது. சமநிலையைத் தீர்க்க மறுநாள் நடந்த 36 குழி ஆட்டத்தில் அவரே வென்றார். ஒளிபரப்பு எதுவும் இல்லாத காலம் அது. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். 235 கெஜத்திலிருந்து குழியின் வாய் சாராசனுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? தொண்ணூறு ஆண்டுகள் ஆன பிறகும் பேசப்படும் அடி அது.

இதற்கு நேர்மாறானது 2005-இல் அதே அகஸ்டாவில், பதினாறாம் குழியில், டைகர் வுட்ஸ் அடித்தது. நீ அனுப்பி வைத்த காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. கொடிக்கு வெகு தொலைவில், புல்தரைக்கு வெளியே கிடந்த பந்தை அவர் கொடியின் பக்கமே அடிக்கவில்லை. மேலே ஓரிடத்தில் விழவைத்தார். பந்து சரிவில் திரும்பி, மெதுவாக உருண்டு, குழியின் விளிம்பில் வந்து நின்றேவிட்டது. இரண்டு விநாடி இருக்கலாம். பின்னர் தானாக முடிவெடுத்ததைப் போல உள்ளே விழுந்தது. அந்த இரண்டு விநாடியில் என் வயிற்றில் ஏதோ பிசைந்ததே, அதை எனக்கு ஏற்கெனவே தெரியும். நம் ஊர் மண்ணிலேயே ஒரு முறை அதை நான் அனுபவித்திருக்கிறேன். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

1998-ஆம் ஆண்டு, உனக்கு அப்போது ஏழு வயது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டங்களில் இந்த ஊர் மறக்காமல் வைத்திருப்பது, சிறிய மரக்குண்டை நோக்கி இரும்புக் குண்டுகளை எறியும் பெத்தாங். நானும் அதில் இளமைக் காலத்தைச் செலவிட்டவன். அன்று மாலை ஆட்டம் 12-க்கு 12 என்று நின்றது. 13-ஐத் தொட்டவர் வெற்றி. எதிரணியின் குண்டு சிறிய மரக்குண்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. எங்கள் அணியில் மிஞ்சியிருந்தது என் கையிலிருந்த ஒரு குண்டு. ஒன்பது மீட்டர் இருக்கும். மேற்கே பார்த்து வீச வேண்டியிருந்ததால் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எறிந்த பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. 'ணங்' என்று ஒரு சத்தம், எழும்பிய புழுதி, அவ்வளவுதான். கோட்டோரமாக நின்றிருந்த நீதான், "அப்பா, அந்தக் குண்டு போயிடுச்சு, உன் குண்டு அங்கயே உக்காந்திருக்கு!" என்று கத்தினாய்.

ஒத்த எடையுள்ள இரண்டு குண்டுகள் நேருக்கு நேர் மோதினால், வந்தது தன் வேகத்தை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு நிற்கும், நின்றது ஓடும். இதற்குக் 'கரோ' என்று பெயர். நாற்பது ஆண்டு ஆட்டத்தில் ஆட்டத்தையே முடித்து வைத்த கரோ எனக்கு அது ஒன்றுதான். அதை நான் பார்க்கவில்லை. உன் கண்ணால்தான் எனக்கு அது கிடைத்தது. அதனால் அது என்னுடையது அல்ல என்று இந்த இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. குண்டு கையை விட்ட நொடியிலேயே விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. நேற்று உனக்கும் அப்படித் தெரிந்திருக்க வேண்டும். "மட்டையில் பந்து பட்டதே தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று இருந்தது" என்று பேச்சின் தொடக்கத்தில் சொன்னாயே, அதைத்தான் சொல்கிறேன். பந்து சரியாகப் பட்டால் கை உணர்வது அந்த மென்மையைத்தான். முதல் ஆண்டில் உள்ளங்கைத் தோல் உரிந்து, கையுறையில் இரத்தக் கறையோடு ஒரு படம் அனுப்பினாயே, அன்று உனக்கு அந்த மென்மை கிடைத்திருக்காது.

ஒரே அடியில் போட்டவர் உடன் ஆடியவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது வழக்கமாம். ஜப்பானில் அந்தச் செலவுக்குக் காப்பீடே எடுத்து வைக்கிறார்கள் என்று படித்தேன். உன் தோழிகளுக்கு அங்கே நீ செய். இங்கே, பெத்தாங் ஆடும் நண்பர்களுக்கு இன்று மாலை அதிரசம் கொண்டுபோகிறேன். அம்மா விடியற்காலையிலேயே பாகு காய்ச்சத் தொடங்கிவிட்டாள். முழங்கால் வலியைப் பற்றி இன்று அவள் வாயே திறக்கவில்லை.

உன்னிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறேன். கோடை முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ட்ரூனுக்குப் போய் வா. அங்கே எட்டாம் குழியை அதன் சிறிய புல்தரைக்காக 'அஞ்சல்தலை' என்று அழைக்கிறார்கள். 1973-இல், தம் 71-ஆம் வயதில், அதே சாராசன் அந்தக் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டார். மறுநாள் பந்து மணற்குழியில் விழ, அங்கிருந்தே அடித்து இரண்டில் முடித்தார். இரண்டு நாளும் அந்தக் குழியில் அவருக்கு, புல்தரையில் பந்தை உருட்டிவிடும் பட்டர் மட்டையே தேவைப்படவில்லை. முதல் நாள் அடித்தது ஐந்தாம் எண் அயனால். அந்த இடத்தை நீ நேரில் பார்த்து எனக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பந்தைக் கழுவாதே. அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் புல்லின் பச்சைக் கறையும் அப்படியே இருக்கட்டும். ஒரு சிறு டப்பாவில் போட்டு, தேதி, காற்றடித்த திசை, மட்டை எண், உடனிருந்த இருவரின் பெயர்கள் ஆகியவற்றை உன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. கூடத்து அலமாரியில் என் குண்டு இருக்கும் தட்டிலேயே இடப்பக்கம் ஒதுக்கி, இப்போதுதான் துடைத்து வைத்தேன்.

உன் அப்பா