21 வேண்டாம், 18-ஐக் காப்பாற்றுங்கள்

போக்குவரத்து, காவல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், அப்பாவின் ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போனான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரியை ஒட்டிப் போகும்போது சறுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தெருவில் ஒரே பேச்சு: லைசென்ஸ் வயதை 21 ஆக்க வேண்டும்.

அவனுக்கு வயது 15. 18 என்ற சட்டமே அவனை நிறுத்தவில்லை, 21 எப்படி நிறுத்தும்?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் பள்ளிக்குப் பக்கத்துச் சந்துகளில் சீருடைப் பிள்ளைகள் தினமும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் வண்டியைக் கொடுத்தீர்கள் என்று அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டேன். "பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிக்கணும்க்கா. வந்தாலும் ஏற முடியாது. சைக்கிள்ல விட்டா லாரிக்கு நடுவுல மிதிச்சிட்டுப் போகணும். ஸ்கூட்டர்னா சட்டுனு தாண்டிடுவான்னு நெனச்சேன்" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறோம்?

துறைமுகம், எண்ணெய் ஆலை, அனல்மின் நிலையம் எல்லாவற்றையும் வட சென்னை சுமக்கிறது. அந்த லாரிகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே சாலையில்தான் போக வேண்டும். நடந்து போகலாம் என்றால் நடைபாதை பாதியில் முடிந்துவிடுகிறது. இதை எத்தனை வருடம்தான் சொல்வது?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். வயதை உயர்த்தாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து வண்டியில் விற்கப் போகும் 18, 19 வயதுப் பையன்களின் பிழைப்புதான் அதில் போகும். இருக்கிற 18-ஐ நடைமுறைப்படுத்துங்கள். பள்ளி நேரத்தில் கன்டெய்னர் லாரிகளை நிறுத்தி வையுங்கள். காலையில் கூடுதலாகப் பஸ் விடுங்கள். பஸ் வந்தால் பிள்ளை கையில் சாவி கொடுக்க யாருக்கும் மனம் வராது.

தயவுசெய்து ஒருநாள் காலை ஏழரை மணிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வாருங்கள். நானும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்த் தாய் ஒருத்தி