குடையாதே, ஊறவை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதைப் படித்ததில் ரொம்ப சந்தோஷம். மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன், முதலில் உன் காது. தலைக்குக் குளித்த அன்றிலிருந்து வலது காது அடைத்திருக்கிறது, பட்ஸ் போட்டுத் துழாவியும் பலனில்லை என்கிறாய். பலன் இருந்திருக்கும், ஆனால் தலைகீழாக.

இதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார். அடைத்த காதுப் பக்கமே சத்தம் பலமாகக் கேட்டால், அடைப்பு சத்தம் உள்ளே போகும் வழியில்தான் இருக்கிறது, பெரும்பாலும் குறும்பி, அதாவது காது அழுக்கு. நல்ல காதுப் பக்கம் கேட்டால் குறும்பியை மறந்துவிட்டு அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போ. ஒரு காது திடீரென்று மந்தமாவது உள்காது நரம்பின் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 'அழுக்குதானே' என்று இரண்டு வாரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே அந்த நாட்களைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

குறும்பிதான் என்றால் நடந்தது இதுதான். காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான் குறும்பி சுரக்கிறது. அதற்கு உள்ளே எலும்பும், அதன்மேல் காகிதம்போல மெல்லிய தோலும்தான். அந்தத் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி நாளுக்கு 0.1 மி.மீ. அளவில் நகர்ந்துகொண்டே இருக்கும், குறும்பியையும் சுமந்து வரும். ஆகவே செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கிடந்தால், பெரும்பாலும் எதையோ விட்டு யாரோ தள்ளியதுதான். பஞ்சில் மஞ்சளாக ஒட்டி வருவது தானாகவே வெளியே வந்திருக்கும், மீதியை பட்ஸ் உள்ளே இடித்துக் கெட்டிப்படுத்திவிடுகிறது. ஊசிமுனை இடைவெளி இருக்கும்வரை காது நன்றாகவே கேட்கும். குளிக்கும்போது தண்ணீர் பட்டுக் குறும்பி ஊதியதும் அந்த இடைவெளியும் மூடிக்கொள்கிறது.

செவிப்பறையில் ஓட்டை, முன்பு காதில் ஆபரேஷன், உள்ளே வைத்த சின்ன டியூப், சீழ், வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதுவும் செய்யாதே, எண்ணெய்கூட விடாதே. சர்க்கரை நோய் இருந்தால் தண்ணீர் பீய்ச்சும் வேலையே வேண்டாம். ஈரம் தங்கிய காதில் ஒரு சிறு கீறல் எலும்புவரை போகும் தொற்றாக மாறலாம்.

மருந்தைப் பொறுத்தவரை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆலிவ் எண்ணெய், 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்து, ஏன் வெறும் உப்புநீர்கூடப் போதும். ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. உப்புநீர் தயாரிக்க, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு உப்பு நாலரை கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. மருந்து வெதுவெதுப்பாக, பாட்டிலை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்திவைத்தால் போதும், அடுப்பில் காட்டாதே. ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, 3 அல்லது 4 சொட்டு விடு. காதின் முன்னாலுள்ள சிறு மேட்டை நாலைந்து தடவை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி மருந்து இறங்கும். பத்து நிமிடம் அப்படியே கிட. தினம் மூன்று வேளை, ஐந்து நாள். துவாரத்தைப் பஞ்சால் அடைக்காதே, மருந்தைப் பஞ்சு குடித்துவிடும்.

இரண்டாம் நாள் அடைப்பு இன்னும் அதிகமாகலாம். எல்லாரும் பயந்து பட்ஸை மறுபடி எடுப்பது அன்றைக்குத்தான். ஊறிய குறும்பி ஊதுகிறது, அவ்வளவுதான். பலருக்கு ஊறலிலேயே காரியம் முடிந்து, பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணையில் வடிந்துவிடும்.

ஐந்து நாளாகியும் வராவிட்டால்தான் ரப்பர் பல்பு சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சுவது. தண்ணீர் உடம்புச் சூட்டிலேயே, 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தால், உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உள்காதின் அரைவட்டக் குழாயில் திரவம் நகர்ந்து தலை கிறுகிறுவென்று சுற்றும். காது கழுவும்போது இதைக் கவனித்துத் துருவி ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் பாராணிக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. உனக்கு வாந்திதான் கிடைக்கும்! உட்கார்ந்துகொண்டே செய். சிரிஞ்சின் நுனியைத் துவாரத்தின் வாசலிலேயே வை, முழுக்க அடைக்காதே, தண்ணீர் திரும்பிவர வழி வேண்டும். நேராகச் செவிப்பறையைப் பார்த்துப் பீய்ச்சாமல் மேல்-பின் சுவரைப் பார்த்து மெதுவாக அழுத்து. அப்போது தண்ணீர் சுவரோடு வழுக்கிக் குறும்பிக்குப் பின்னால் போய் அதை வெளியே தள்ளும். சில சமயம் இருமல் வரும். காதுக்கும் தொண்டைக்கும் வேகஸ் என்று ஒரே நரம்பு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வலித்தால் அந்த நொடியே நிறுத்து. ஐந்தாறு பீய்ச்சலில் வராவிட்டால் அன்றைக்குப் போதும். பிறகு தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, வாசலை மட்டும் துண்டால் ஒற்று.

மகள் வாங்கித் தந்த கேமரா வைத்த காதுக்கரண்டியைப் பெட்டியிலேயே வை. திரையில் ஆழம் தெரியாது, ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அந்தக் காகிதத் தோலில் ரத்தம். குறும்பியை உறிஞ்சும் என்று காதில் செருகிக் கொளுத்தும் காது மெழுகுவத்தி சுத்த ஏமாற்று. எரிந்த பிறகு குழலுக்குள் தெரிவது அந்த மெழுகுவத்தியின் சொந்த மெழுகு, காதுக்கு மிச்சம் தீக்காயம்தான்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி உறிஞ்சி எடுப்பார், சில நிமிட வேலை.

'ம்ம்ம்' எந்தப் பக்கம் கேட்டது என்று போனிலேயே சொல். நல்ல காதில் கேட்டிருந்தால் எனக்கு எதற்குப் போன், நேரே டாக்டரிடம் கிளம்பு.

அன்புடன்,
ராகவன்