பட்டியலை எடுங்கள், கணக்கை ஒட்டுங்கள்: பங்குத்தந்தைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ்.

கோயில் வரி பாக்கி வைத்த வீடுகளின் பெயர்ப் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டியது யார், எந்தக் கூட்டத்தில் முடிவானது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தெற்குத் தெருவில் நடந்த அடக்கத்துக்குப் பிறகும் அந்தத் தாள் கதவிலேயே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது இரண்டு. பட்டியலை எடுங்கள். அந்த இடத்தில் கோயில் கணக்கை ஒட்டுங்கள்.

அன்றைக்கு நடந்தது உங்கள் காதுக்கு எப்படி வந்ததோ தெரியாது, ஆகவே உள்ளபடி சொல்லிவிடுகிறோம். மூதாட்டி இறந்தது விடியற்காலை. மகன் அடுத்தவர் விசைப்படகில், பிடிபடும் மீனில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுக் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கிறது, கையில் காசில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, மாதம் 300 ரூபாய் கோயில் வரி வீதம் பதினான்கு மாதப் பாக்கி, 4,200 ரூபாய். அதைக் கட்டாமல் சாவு மணி அடிக்க வேண்டாம் என்று, கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாருக்குக் கமிட்டியார் சொல்லி அனுப்பினார்கள். மணி அடிக்காததால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டவும் ஆள் போகவில்லை. மே மாத வெயிலில், வாடகை ஐஸ் பெட்டியில், அந்தத் தாயின் உடல் பிற்பகல்வரை பந்தலில் கிடந்தது. கடைசியில் பாசி எடுக்கும் பெண்கள்தான் தங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்தும் இருபதும் ஐம்பதுமாகச் சேர்த்தார்கள். தீவோரத்தில் மூச்சடக்கி மூழ்கி, பாறையில் கை கிழித்துப் பறித்த பாசியை விற்ற காசு அது. எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் மணி அடித்தது. அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மகன் தாயின் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

சுவாமி, திருச்சபைச் சட்டம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1181-ஆம் சட்டம் அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்கிறது. ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது. வறுமையைக் காரணம் காட்டி அருளடையாளங்களின் உதவியை யாரும் இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 848. வரிப்பாக்கிக்காகத் திருமுழுக்குச் சான்றிதழையும், திருமணத்துக்குப் பங்கிலிருந்து தரும் ஓலையையும் நிறுத்தி வைப்பதற்கும் இதே பதில்தான். "ஊர் முடிவு" என்று கமிட்டி சொல்லலாம். ஊர் முடிவால் மணிக்கயிற்றைக் கட்டிப்போட முடியும் என்றால், கோயில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பங்குத்தந்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். கொடுக்க வேண்டும். இப்போது கொடுப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 222-ஆம் சட்டம் சொல்வதும் எங்களுக்குத் தெரியும். உபதேசியாருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கரண்ட் பில், மெழுகுவர்த்தி, பூசைக்கு அப்பம், திராட்சை இரசம், மைக் செட், மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று மாதம் பிறந்தால் செலவு வரிசை கட்டி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரை இருக்கிறது.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் நம்பிக்கை உடைந்தது அங்கேதான். பீடத்துக்கு வலப்பக்கம் தளம் பொரிந்து கம்பி தெரிகிறது. உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதன்மேல் சிமெண்டு பூசி வெள்ளையடித்தால் அடுத்த வாடை மழைக்குள் மறுபடி கொட்டும். போன முறை நடந்தது அதுதான். பொரிந்த இடத்தைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் ஆழத்துக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் கலவை வைக்க வேண்டும். கலவைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். கோயில் கிணற்று உவர்நீரை ஊற்றினால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாக ஆகிவிடும். இவ்வளவுக்கும் பணம் வேண்டும் என்று வீடு வீடாக வந்து கேட்டீர்கள், கொடுத்தோம். அந்தப் பணம் எங்கே என்று கேட்டால் திருவிழாக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்பது 1267-ஆம் சட்டம். மக்கள் கொடுத்தவற்றுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்பது 537. நம் பங்கின் நிதிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கோயிலுக்கு வரும் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது.

பாக்கி ஏன் விழுகிறது என்று கமிட்டி ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்ததுண்டா? மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் வரியைக் கடல் தொழிலாளி தலையில் வைத்தால் பாக்கி விழத்தான் செய்யும். விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் தொழில். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகத் தரும் அனுமதி டோக்கனும் கிடையாது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காற்று அடித்தால் தென்கடல். வல்லம் என்னும் சிறு படகைக் கரை மாற்றிக் கொண்டுபோக வசதி உள்ளவர் பிழைத்துக்கொள்வார், மற்றவர் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பங்குக்குப் போகிறவர் படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் பங்கில் முதலில் அந்தக் கடன் கழியும். இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துப் போன வீட்டில் அடுப்பு எரிவதே அக்கம்பக்கத்தார் தயவில்தான். அப்படிப்பட்ட வீடுகளும் அந்தக் கதவில் பாக்கிக்காரராக நிற்கின்றன. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வந்ததும் வரி கேட்டுப் போகிறீர்களே, அதை வைத்து இரண்டு மாதம் ஒரு வீடு சாப்பிட வேண்டும்.

வருமானத்துக்கு ஏற்ற காணிக்கைக்கு வழி இருக்கிறது. படகுக்காரர்களோடும் ஏலக்காரர்களோடும் பேசிப் பார்த்துத்தான் சொல்கிறோம். எடுத்துக்காட்டுக்கு ஒரு வல்லம் 18,000 ரூபாய்க்கு மீன் போடுகிறது என்று வைப்போம். எண்ணெய், ஐஸ், இரை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் 7,500. செலவு போக 10,500. அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் 210 ரூபாய் கோயிலுக்கு. மீதி 10,290-ஐப் பாதி படகுக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கும் பிரித்தால், நான்கு பேருக்குத் தலைக்கு 1,286 கிடைக்கும். அந்த 210-ல் ஆளுக்கு விழுந்தது 26 ரூபாய்தான். யாருக்கும் வலிக்காது. செலவுக்கே கட்டாத நாளில் கோயிலுக்கும் ஒன்றும் இல்லை.

இதில் தவறு நடக்கக்கூடிய இடங்களும் உண்டு. செலவைக் கழிக்காமல் மொத்த ஏலத் தொகையில் பிடித்தால், நட்டப்பட்ட நாளிலும் ஆள் கைக்காசு போகும். ஒரு மாதத்தில் எல்லாரும் மீனை வேறு கரையில் இறக்கத் தொடங்கிவிடுவார்கள். எந்தப் படகு எவ்வளவு கொடுத்தது என்று மைக்கில் வாசித்தால் போட்டியும் பொறாமையும் வரும். ஆகவே வாரத்துக்கு ஒரே மொத்தத் தொகையைத்தான் சொல்ல வேண்டும். பிடித்த பணம் ஏலக்காரர் கையில் தங்கக் கூடாது, சனிக்கிழமை மாலைக்குள் ரசீதோடு வந்து சேர வேண்டும். கடலுக்குப் போகாத வீடுகளுக்கும், மீன் விற்கும், பாசி எடுக்கும் பெண்களுக்கும் பெயர் எழுதாத உறை போதும். எவ்வளவு என்பது அவரவர் மனது. கைம்பெண்கள், சிறைப்பட்டவர் குடும்பம், நெடுநாள் நோயாளி உள்ள வீடு ஆகியவற்றுக்கு விலக்கு. அதை மனுப் போட்டு வாங்கும்படி வைக்காமல், அந்தந்தத் தெருவின் பங்கு மக்கள் குழுவான அன்பியமே முடிவு செய்யட்டும்.

உண்டியல் விஷயத்திலும் சிறு ஒழுங்கு போதும். இரண்டு பூட்டு, சாவி வேறு வேறு ஆளிடம். ஒரே குடும்பத்தைச் சேராத மூவர் திறந்து எண்ண வேண்டும். எந்த நோட்டு எத்தனை என்று தாளில் எழுதி அங்கேயே மூவரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்ட வேண்டும். உண்டியல் பணத்திலிருந்து நேரடியாகச் செலவுக்கு எடுக்கும் பழக்கம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்த வரிசை எண் இருக்கட்டும், கெட்டுப்போன ரசீதையும் கிழிக்காமல் குறுக்கே கோடிட்டு வையுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஜிபே அட்டை தனிநபர் கணக்குக்குப் போகிறது என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. பங்கின் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றிவிட்டால் பேச்சு அன்றோடு நின்றுவிடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்தால், தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் வரும். உரிய பதிவு இல்லாமல் வாங்கினால் சட்டச் சிக்கல். கேட்டு அனுப்பச் சொல்லும் முன் இதை அவர்களிடம் தெளிவுபடுத்துங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கும் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லி வாங்குவதையும் நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட மதத்தாருக்கான வழிபாட்டுச் செலவுக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது.

நம் மக்கள் கஞ்சர்கள் அல்ல. ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்கு நடந்து போகிறவர், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுகிறவர், அங்கெல்லாம் யார் கேட்டுக் காணிக்கை போடுகிறார்? எந்தக் கதவில் பெயர் ஒட்டியிருக்கிறது? கடலில் கண்ட ஆபத்துக்கு நேர்ந்துகொண்டு, வட்டிக்கு வாங்கியாவது கொண்டுபோய்ச் செலுத்துகிற சனம் இது. இந்தச் சனத்தைப் பாக்கிக்காரர் என்று எழுதி ஒட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இது நம் ஊரோடு நிற்கும் நோயும் அல்ல. இந்தக் கரை நெடுக ஊருக்கு ஊர் கோபுரம் உயர்கிறது. பக்கத்து ஊரில் ஒரு மணி நேரம் வாணவேடிக்கை என்றால் நமக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். கொடியேற்றத்திலிருந்து சப்பரம் இறங்கும்வரை எரிகிற சீரியல் விளக்குக்குப் போகும் பணத்தில் உபதேசியாருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம்! பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் படகேறுகிறான். அதே வாரம் கோபுரத்துக்கு இரண்டாம் தவணை வசூல் நடக்கிறது. ஞாயிறு பூசைக்கு இளையவர்கள் வருவதில்லை என்று பிரசங்கத்தில் வருத்தப்படுகிறீர்கள். தன் தாய் பெயரைக் கதவில் பாக்கியோடு பார்க்கிற பையன் அந்தக் கதவுக்குள் எப்படி வருவான்?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் சுவாமி. நீங்கள் இந்தப் பங்குக்கு வந்த பிறகு நோயாளிகள் வீட்டுக்கு நற்கருணை தவறியதில்லை, சிறைப்பட்டவர்களுக்காக ஆட்சியர் அலுவலகம்வரை வந்து நின்றீர்கள். அதை யாரும் மறக்கவில்லை. கமிட்டிப் பெரியவர்களும் சம்பளமில்லாமல் ஊருக்கு உழைக்கிறவர்கள்தான். ஆகவே தாழ்மையாகவே கேட்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன் பட்டியலை எடுத்துவிடுங்கள். பாக்கிக்காக இனி யாருக்கும் சாவு மணியோ ஓலையோ சான்றிதழோ நிற்காது என்று பீடத்திலிருந்து அறிவியுங்கள். ஜூன் 15-ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போகும். அதற்குள் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவை, கூரை நிதியைத் தனியாகப் பிரித்துக் காட்டி, அதே கதவில் ஒட்டுங்கள். பாசிப் பெண்களிடம் வாங்கிய 4,200 ரூபாயை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். கணக்கை ஒட்டிய அன்றே நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று படகுக்காரர்கள் சிலர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உண்டியல் எண்ணவும், நோட்டுப் புத்தகம் எழுதவும், கூரைக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி வரவும் கையெழுத்திட்டிருக்கும் எங்களில் ஆட்கள் தயார். கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பங்கு மக்கள்
(வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கடற்கரைத் தெரு அன்பியங்கள்)